அப்பாவுக்கு, வாகெனிங்கனிலிருந்து

வாகெனிங்கன், நெதர்லாந்து,
11 டிசம்பர் 2022, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. அம்மாவிடமும் சின்னவளிடமும் போனில் பேசிவிடுகிறேன். உங்களுக்குக் கடிதம்தான் சரிப்படும் என்று தெரிந்தும் ஆய்வு வேலையில் தள்ளிக்கொண்டே போய்விட்டது. மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. சம்பா சாயவில்லையே? கொல்லையில் கஜாவுக்குத் தப்பிய தென்னை இரண்டும் நிற்கின்றனவா? சின்னவளைக் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பதோடு முடித்துக்கொள்கிறாள்.

"நெல்லே விளையாத ஊரில் நெல்லைப் பற்றி என்ன படிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். வயலில் விளையாதுதான். ஆனால் கண்ணாடிக் கூடத்துக்குள் விளைகிறது. வெளியே தண்ணீர் உறைந்து கிடக்க, உள்ளே 28 டிகிரி வெயிலை விளக்கு போட்டு உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். மண் கிடையாது, தொட்டியில் சத்துக் கரைசல், மேலே மிதக்கும் அட்டையில் துளை போட்டு நாற்று. அந்தத் தண்ணீரில் உப்பைப் படிப்படியாக ஏற்றுவேன். மண் பரிசோதனை அட்டையில் உப்பின் அளவைக் காட்ட இ.சி. என்று ஒரு எண் போடுவார்களே, அது 3ஐத் தாண்டினாலே நெல்லுக்கு விளைச்சல் குறைய ஆரம்பிக்கும். நான் முதலில் 6, அப்புறம் 12 வரை கொண்டுபோகிறேன். கடல்நீர் 50 பக்கம் இருக்கும்.

ஐ.ஆர்.29 என்று ஒரு ரகம், உப்பு கொஞ்சமும் தாங்காது. முதலில் இலை நுனி வெளுக்கும், பிறகு சுருளும், அப்புறம் அடிவரை காய்ந்துவிடும். அதற்கு அடுத்த வரிசையிலேயே கேரளத்துப் பொக்காளி, அதே தண்ணீரில், பச்சை குறையாமல் நிற்கிறது. உப்பு அதன் வேருக்குள்ளும் நுழையத்தான் செய்கிறது. ஆனால் சாற்றோடு மேலே ஏறும் சோடியத்தை இலைக்குப் போகுமுன் பெரும்பாலும் வழியிலேயே வெளியே இழுத்துவிடுகிறது. அந்த வேலையைச் செய்யும் மரபணு எது என்றுகூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். நம் குழியடிச்சானும் களர்ப்பாலையும் அதே வழியில்தான் தாங்குகின்றனவா, வேறு வழி வைத்திருக்கின்றனவா என்று பார்க்க எனக்கு ஆசை. பேராசிரியரிடம் சொன்னேன். "விதை கொண்டுவர முறைப்படி என்ன செய்ய வேண்டும் என்று பார்" என்றார். பேராசிரியரை இங்கே எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு இன்னும் வாய் வரவில்லை. நேரே எதிரில் போய் நின்றுகொண்டு பேச்சை ஆரம்பித்துவிடுகிறேன்.

மதிப்பெண் பத்துக்கு எட்டு என்று அம்மா உங்களிடம் சொன்னாளாம். மீதி இரண்டு எங்கே என்று கேட்காதீர்கள். ஐந்தரை வாங்கினால் பாஸ், ஏழு நல்ல மார்க், பத்தை இங்கே யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டுக்குக் குறை ஒன்றும் இல்லை. மதியம் எல்லோருமே ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான். ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாக்லேட் தூளைத் தூவிக்கொண்டு கிழவர்கள் வரை சாப்பிடுகிறார்கள். கருவேப்பிலை கிடைக்கும், பத்து இலை கொண்ட ஒரு சின்னப் பொட்டலம். விலையை எழுதினால் அம்மா கொல்லை மரத்துக்குப் பூட்டு போடுவாள். குளிர் பழகிவிட்டது. காஸ் விலை ஏறிப்போனதால் இந்த வருஷம் ஹீட்டரை 19 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம் என்று அரசாங்கமே சொல்கிறது. நான் அதற்கும் கீழேதான் வைக்கிறேன், நன்றாகத் தூக்கம் வருகிறது. கோட்டு பழைய சாமான் கடையில் வாங்கியது. இங்கே வசதியானவர்கள்கூட அங்கேதான் வாங்குகிறார்கள். சனிக்கிழமைகளில் ஒரு உணவகத்தில் சமையற்கட்டு உதவிக்குப் போகிறேன். முதலாளி பெர்மிட் வாங்கிக் கொடுத்தால் எங்களைப் போன்ற மாணவர்கள் வாரம் 16 மணி நேரம் வேலை செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. காசுக்காக இல்லை, ஊர்க்காரர்களோடு பேசி டச்சு பழகலாம் என்றுதான்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றி எழுதியாக வேண்டும். காலையில் மழைமானியைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வதுதான் அவருக்கு முதல் வேலை. மழை பெய்யாத நாளில் பூஜ்யம் என்று எழுதவும் குனிந்து பார்ப்பார். இந்த வாரம் மானியில் ஐஸ் கட்டிவிட்டது. உள்ளே கொண்டுபோய் உருகவைத்து அளந்தார். "உங்கள் ஊரில் எவ்வளவு?" என்று கேட்டார். வருஷத்துக்கு 1300 மில்லிமீட்டருக்கு மேல், அதிலும் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் என்றேன். "அது மழை இல்லை, விபத்து" என்றார். காப்பிக்குக் கூப்பிடுவார். ஒரே ஒரு பிஸ்கட் எடுக்கச் சொல்லி டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிடுவார். முதல் தடவை அம்மா நினைப்பு வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி உலகக் கோப்பைக் கால்பந்தில் நெதர்லாந்து அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோற்றது அல்லவா, அதிலிருந்து ஆள் வாயே திறக்கவில்லை.

அவர் சீலாந்துக்காரர். கடலோர மாகாணம், பாதிக்குமேல் தீவுகள். 1953 பிப்ரவரி 1ஆம் தேதி விடிவதற்குள் கடல் கரைகளை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அவருக்கு ஏழு வயசு. பரணில் ஏறி உட்கார்ந்திருந்தார்களாம். நாடு முழுக்க 1836 பேர் போய்விட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு அவர் அப்பா வண்டி வண்டியாக ஜிப்சம் அடித்தாராம். அதைக் கேட்டதும் எனக்குச் சுனாமிக்கு அப்புறம் நம் வீட்டுத் திண்ணையில் அடுக்கியிருந்த ஜிப்சம் மூட்டைகள் ஞாபகம் வந்தன. சோடியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும். ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் தள்ளப்பட்டது கழுவிக்கொண்டு போகும். நீங்கள் அன்றைக்கு வேளாண் ஆபீசர் சொன்னபடி செய்ததும் இதேதான். மண் திரும்ப எத்தனை வருஷம் ஆனது என்று அவரிடம் கேட்டேன். "அப்பா அதைப் பற்றிப் பேசவே மாட்டார்" என்றார்.

ஆனைமங்கலம் செப்பேடுகளைப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறீர்கள். அவை இருப்பது லெய்டன் பல்கலைக்கழகத்தில். நான் இருப்பது கிழக்கே தள்ளி, ரைன் ஆற்றங்கரையில். ரயிலில் போகலாம். குளிர் முடியட்டும், நாள் கொஞ்சம் நீளட்டும் என்று விட்டிருக்கிறேன். சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கும் நம் ஆனைமங்கலத்தை ராஜராஜன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்குக் கொடுத்ததைச் சொல்லும் 21 ஏடுகளை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நாகப்பட்டினம் நூறு வருஷத்துக்குமேல் டச்சுக்காரர்கள் கையில் இருந்ததென்று இங்கே என்னோடு படிப்பவர்களுக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸ் லீவுக்கு எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள். நாற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் நான் இங்கேயே இருக்கிறேன். இப்போதெல்லாம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்தாலும் கண்ணாடிக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துத் தடுப்பில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் நெல் இருக்கிறது, அது தொட்டியில் இல்லை, சேற்று மண்ணில். போன வாரம் அது கதிர் விட்டுப் பால் பிடித்தது. கதவைத் திறந்தேன், அந்த வாசனை வந்தது அப்பா. நீங்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு மடை பார்க்கப் போகும்போது நானும் பின்னாலேயே வருவேனே, அதே வாசனை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். லேசாகத் தலைவலி என்றேன்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசி வரியில், ஏதோ மாட்டுக்கு வைக்கோல் வாங்கியதைச் சொல்வதுபோல, கீழவயலை இறால் பண்ணைக்கு ஐந்து வருஷக் குத்தகைக்குக் கேட்கிறார்கள், சித்தப்பாவும் கொடுக்கலாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அப்பா. என் படிப்புக் கடனுக்காக யோசிக்கிறீர்கள் என்றால் நிச்சயமாக வேண்டாம். குட்டையில் உப்புத் தண்ணீர் கட்டினால் அது அந்த ஆறு மா நிலத்தோடு நிற்காது. கசிந்து மேற்கே மேலத்தெரு அத்தை வயலுக்கும் போகும், நம் போர்வெல் தண்ணீரிலும் ஏறும். சுனாமி ஒரு நாள் வந்து போனதற்கே ஜிப்சம் தேவைப்பட்டது. குத்தகை முடிந்து அவர்கள் போன பிறகு ஐந்து வருஷ உப்பை யார் கழுவுவது? விளைநிலத்தை இறால் குட்டையாக்கக் கூடாது என்று 1996இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, நம் கூத்தூர் ஜெகந்நாதன் ஐயா போட்ட வழக்கில். நீங்கள்தானே அந்தக் கதையை எனக்குச் சொன்னீர்கள். சித்தப்பாவுக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள்.

பத்திரம் வங்கியில் இருக்கும்போது குத்தகை எழுத அவர்கள் சம்மதமும் வேண்டியிருக்கும். மேனேஜரைப் பார்த்துக் கேளுங்கள். வட்டி பற்றி நோட்டீஸ் வந்தால் பதற வேண்டாம், எனக்கும் மெயிலில் வரும், ஜனவரியில் நானே ஒரு பகுதி கட்டிவிடுகிறேன். பொங்கல் வரை யாருக்கும் கையெழுத்துப் போட வேண்டாம். அறுவடை முடிந்ததும் கீழவயலில் மேல்மண், ஒரு அடி, இரண்டு அடி என்று தனித்தனியாக மண் எடுத்து, போர் தண்ணீர் ஒரு பாட்டிலோடு பரிசோதனைக்குக் கொடுங்கள். ரிப்போர்ட்டைச் சின்னவள் போட்டோ எடுத்து அனுப்பட்டும், பட்டாவையும் சேர்த்து. அவள் வரன் விஷயமாக மாமா சொன்ன இடம் எனக்குப் பிடிக்கவில்லை. பி.எட். முடிக்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் பெரியவள்

பி.கு.: குழியடிச்சான் விதையை ஆசையில் தபாலில் போட்டுவிடாதீர்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் வந்தால் இங்கே அழித்துவிடுவார்கள். ஒரு மரக்கால் தனியாக எடுத்து வேப்பிலை போட்டு வையுங்கள். சித்தப்பா வீட்டு விதையோடு கலந்துவிட வேண்டாம்.