பறித்த வண்டியை என்ன விலைக்கு விற்றார்கள்? மத்திய வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இலங்கை மத்திய வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. வாகனத்தைத் தன் பேரில் வைத்துக்கொண்டு கொம்பனி தவணைக்குக் கொடுக்கும் லீசிங் என்றால் என்ன, இந்த நாட்டில் அது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு விளங்கப்படுத்த நான் வரவில்லை. 2000-ஆம் ஆண்டின் 56-ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் கொம்பனிகளைப் பதிவு செய்வதும் மேற்பார்வை செய்வதும் உங்கள் வங்கிதான். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தவணை தவறியதென்று பறித்த ஒரு வாகனத்தை லீசிங் கொம்பனி விற்றால், என்ன விலைக்கு விற்றது என்பதை அந்த வாகனத்துக்குத் தவணை கட்டியவருக்கு எழுத்தில் சொல்லவேண்டும். கடன் போக மிச்சம் இருந்தால் அந்த மிச்சத்தை அவர் கையில் கொடுக்கவேண்டும். இதைக் கட்டாயமாக்கி நீங்கள் ஒரு பணிப்புரை விடுக்கவேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

நான் கிளிநொச்சியில் வணிகக்கல்வி படிப்பித்து ஓய்வுபெற்றவன். இங்கே கொம்பனிக் கடிதம் வந்தால் பலர் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். ஓட்டோ ஓடிப் பிழைப்பவன், இரண்டு பிள்ளைகள். “சேர், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ” என்று நீட்டினான். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். விற்பனை வருமானம், பறிமுதல் செலவு, தரிப்பிடக் கட்டணம், சட்டக் கட்டணம் எல்லாம் சீர்செய்தபின் நீங்கள் இன்னும் 187,450 ரூபா செலுத்தவேண்டும், 14 நாளுக்குள் செலுத்தாவிட்டால் வழக்கு. விற்பனை வருமானம் எவ்வளவு என்று எங்கும் இல்லை. ஒவ்வொரு செலவும் எவ்வளவு என்பதும் இல்லை. கடைசித் தொகை மட்டும் தடித்த எழுத்தில்.

அவன் கதை ஒன்றும் புதுமையானது இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். 2019 கடைசியில் 8 இலட்சத்துக்கு ஒரு பழைய ஓட்டோ வாங்கினான். புதிது வாங்க வழியில்லை. 2017-இலிருந்து புதிய முச்சக்கர வண்டிக்கு அதன் பெறுமதியில் 25 சதவீதத்துக்கு மேல் கடன் கொடுக்கக்கூடாது என்று உங்கள் வங்கி விதித்திருந்தது. தெருவில் ஓட்டோ பெருகுகிறது என்ற கவலை. அதில் நியாயம் இருக்கலாம். இங்கே அதன் விளைவு என்னவென்றால், கையில் காசில்லாதவர்கள் பழைய வண்டிக்குப் போனார்கள், போதாத காசுக்கு வீட்டு நகை அடகுக்குப் போனது. இவனும் மனைவியின் நகையை வைத்து 3 இலட்சம் போட்டான். மீதி 5 இலட்சம் லீசிங்.

48 மாதம், 14 சதவீத ‘பிளாட்’ வட்டி, மாதம் 16,250 ரூபா. 14 என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வட்டி கடைசி மாதம் வரை முழு 5 இலட்சத்துக்கும் ஓடும், குறைந்துவரும் முதலுக்கு அல்ல. குறையும் முதலுக்கு என்று கணக்குப் பார்த்தால் அது 24 சதவீதத்துக்குக் கிட்ட வருகிறது. இரண்டு வருடம் ஒரு தவணையும் பிசகாமல் கட்டினால் 390,000 ரூபா கட்டியிருப்பான். அதில் முதலுக்குப் போவது 192,000 அளவுதான். பாதிக்கு மேல் வட்டி. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோதெல்லாம் அவர்கள் நம்பாமல் திரும்பவும் கூட்டிப் பார்ப்பார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச்சில் கொரோனா. ஓட்டோ, பாடசாலை வான், லொறி ஓடுபவர்களுக்கு உங்கள் வங்கி தவணைச் சலுகை கொடுத்தது. நன்றி. ஆனால் சலுகை முடிந்தபோது அந்த மாதங்களுக்கான வட்டியும் கணக்கில் ஏறியிருந்தது. 2022 வந்தது. பெற்றோல் வரிசை, பிறகு பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை, ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர். 5 லீற்றரில் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஒருமுறை போய்த் திரும்பலாம். அவ்வளவுதான் ஒரு வாரத்து உழைப்பு. தவணை மட்டும் வாரத்துக்கு 5 லீற்றர் என்று சுருங்கவில்லை.

அந்த ஏப்ரலில் நீங்கள் பொறுப்பேற்ற கையோடு மற்ற வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தினீர்கள். விலைவாசி ஓடிய வேகத்தில் வேறு வழி இருந்திருக்காது. கொழும்பு நுகர்வோர் சுட்டெண்படி அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டதை நாங்களும் சந்தையில் பார்த்தவர்கள்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நிலுவையில் நின்றவன் 2023 தொடக்கத்தில் கொம்பனிக்குப் போய் ‘ஒழுங்கு செய்து தாருங்கள்’ என்று கேட்டபோது, பழைய முதலும் சலுகைக்கால வட்டியும் தண்டப்பணமும் ஒன்றாகக் கூட்டி, அந்தத் தொகைக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி போட்டுப் புது ஒப்பந்தம் நீட்டினார்கள். கையெழுத்து வைக்காவிட்டால் வண்டி போய்விடும். வைத்தான். அதையும் இரண்டு வருடத்துக்கு மேல் கட்டினான்.

இந்த வருடம் மூன்று தவணை பிந்தியது. கிளினிக் போய்வந்த ஒரு அம்மாவை வைத்தியசாலைச் சந்தியில் இறக்கிவிட்டு நின்றவனிடம், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் திறப்பை வாங்கிக்கொண்டு வண்டியைக் கொண்டுபோனார்கள். ஒரு தாளும் கொடுக்கவில்லை. இன்சூரன்ஸ் பத்திரமும் மூத்த பிள்ளையின் பாடசாலைப் பையும் வண்டிக்குள். பை மட்டும் பிறகு கிடைத்தது.

சரி, பறித்ததைப் பற்றி நான் வாதாட வரவில்லை. தவணை கட்டாதவரிடம் வண்டியை விட்டுவைக்கச் சொல்லவும் இல்லை. எனக்கும் ஒரு நிதிக் கொம்பனியில் நிலையான வைப்பு இருக்கிறது. அந்த வட்டி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா? நான் கேட்பது பறித்ததற்குப் பிறகு நடப்பதைப் பற்றி.

பறிப்பதற்கு முன் வந்த கடைசிக் கடிதத்தில் முழுக்கடனும் 612,000 என்று இருந்தது. விற்றபின் 187,450 இன்னும் வேண்டும் என்கிறார்கள். செலவென்று எவ்வளவு கழித்தார்கள் என்று தெரியாது. தாராளமாக ஒரு இலட்சம் என்றே வைப்போம். அப்படியானால் வண்டியை விற்றது ஏறக்குறைய ஐந்தேகால் இலட்சத்துக்கு.

இப்போது கேளுங்கள். அந்தக் கடிதம் வந்து சில நாளில் பரந்தன் சந்தியில் தன் வண்டியையே அவன் கண்டான். பின்கண்ணாடியில் மகள் ஒட்டிய ஸ்டிக்கர்கூடக் கழற்றப்படவில்லை. புதிதாக வாங்கியவர் நல்ல மனிசன், மறைக்காமல் சொல்லியிருக்கிறார்: வவுனியாவில் ஒரு வாகன விற்பனை நிலையத்தில் பதினொன்றரை இலட்சத்துக்கு வாங்கினாராம். அதுவும் லீசிங்கில். அதே கொம்பனி.

ஐந்தேகால் இலட்சத்துக்கு விற்ற வண்டி சில வாரத்தில் பதினொன்றரை இலட்சம் ஆகிறது. இடையில் இருக்கும் ஆறு இலட்சத்துச் சொச்சம் யாருடையது? அவனுடைய கடன் முழுவதையும் தீர்த்து, அந்தத் தாராளமான ஒரு இலட்சத்தையும் கழித்து, அடகு நகையையும் மீட்டிருக்கக்கூடிய காசு ஐயா அந்தப் பதினொன்றரை இலட்சம். விற்குமுன் ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருந்தால் அவனே ஆள் பிடித்து விற்றிருப்பான்.

இந்த விலை ஏற்றமும் வானத்திலிருந்து விழவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது அரசாங்கம். டொலர் இல்லை, நிறுத்தினார்கள். அதனால் பழைய வண்டிகளின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தபோதும் வரிச் சுமையால் விலை இறங்கவில்லை. ஆக, 8 இலட்சத்துக்கு வாங்கிய வண்டி ஆறு வருடம் ஓடித் தேய்ந்தபின் பதினொன்றரைக்குப் போவதற்குக் காரணம் நாட்டின் கொள்கை. அந்த ஆறு வருடமும் டயர் மாற்றியவன், இன்சூரன்ஸ் கட்டியவன், புகைச் சோதனைக்கும் வரிப் பத்திரத்துக்கும் வரிசையில் நின்றவன் அவன். செலவெல்லாம் பதிவு உரித்தாளரான அவனுக்கு, ஏறிய விலை மட்டும் முழு உரித்தாளரான கொம்பனிக்கு. வாகனப் புத்தகத்தில் கொம்பனியின் பெயர் இருக்கிறது என்பதற்காக இது நியாயமாகிவிடுமா?

உங்களிடம் 1935 என்ற முறைப்பாட்டு இலக்கம் இருப்பது தெரியும். 2023-இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் வெளியிட்டீர்கள். நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் இவன் என்னவென்று முறையிடுவது? விலை குறைவாக விற்றுவிட்டார்கள் என்று முறையிட, முதலில் என்ன விலை என்று தெரியவேண்டாமா? கிளையில் கேட்டால் கொழும்புத் தலைமை அலுவலகம் என்கிறார்கள். அங்கே கேட்டால் கிளைக்குத்தான் தெரியுமாம். பரந்தன் சந்தியில் வண்டியை அவன் தற்செயலாகக் கண்டிராவிட்டால் எனக்கும் உங்களுக்கும் இந்தக் கதை தெரிந்திராது. தன் கடன் கணக்கைத் தெரிந்துகொள்ள ஒருவர் சந்திகளில் வண்டி தேடி நிற்கவேண்டுமா?

எல்லோருக்கும் இப்படி நடக்கிறது என்று சொன்னால் பொய். இங்கே ஒரு நெல் ஆலைக்காரர் இரண்டு லொறியும் ஒரு அறுவடை இயந்திரமும் லீசிங்கில் வைத்திருக்கிறார். அவருக்குத் தவணை பிந்தினால் முகாமையாளரே வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துப் புது அட்டவணை போட்டுக்கொடுத்துவிட்டுப் போவார். அவரிடம் கணக்காளர் இருக்கிறார், சட்டத்தரணி இருக்கிறார். காணி, கட்டடம் ஈடு வைத்துக் கடன்பட்ட தொழில்காரர்களுக்காக, வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஏலம்விடும் அதிகாரத்தை 2024-இல் பாராளுமன்றமே நிறுத்திவைத்தது, பிறகு 2025 மார்ச் வரை நீடித்தது. ஓட்டோக்காரனுக்காகப் பாராளுமன்றம் அப்படி எதையும் நிறுத்தவில்லை.

இன்னும் மேலே போனால், 2022 ஏப்ரல் 12-ஆம் திகதி இந்த நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. அதற்காக யாரும் மோட்டார் சைக்கிளில் வந்து கட்டுநாயக்க விமான நிலையத்தின் திறப்பை வாங்கிக்கொண்டு போகவில்லையே. பேசினார்கள், ஆலோசகர்களை வைத்தார்கள், சர்வதேச நாணய நிதியம் வந்தது. கடைசியில் நாட்டின் பிணைமுறிகளை வாங்கிக் கடன் கொடுத்திருந்தவர்கள் தங்கள் முதல்தொகையில் 27 சதவீதத்தை விட்டுக்கொடுத்தார்கள். நாட்டுக்கு நல்லது, நானும் சந்தோசப்பட்டேன். ஆனால் கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கொடுக்கவேண்டும், எவ்வளவு கழிந்தது, மிச்சம் எவ்வளவு என்று அங்கே மேசைமேல் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் ஒரு பக்கத்தைத்தான் என் மாணவனுக்குக் கேட்கிறேன். கழிவுகூட வேண்டாம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவேண்டும். கோரிக்கைக்கே திரும்புகிறேன்.

பறித்த வாகனத்தை விற்குமுன், கொம்பனியோடு சம்பந்தமில்லாத ஒருவர் மதிப்பிடவேண்டும். தவணை கட்டியவருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, கடனைத் தீர்க்கவோ தானே வாங்குபவரைக் கொண்டுவரவோ ஒரு நியாயமான அவகாசம் கொடுக்கவேண்டும். விற்றபின், என்ன விலை, என்ன செலவு, என்ன மிச்சம் என்பதை அவருடைய மொழியில் ஒரு பக்கத்தில் கொடுக்கவேண்டும். விலையைச் சொல்லாத கொம்பனி, மீதி கேட்டு வழக்குப் போட முடியாதென்று இருக்கவேண்டும். மிச்சம் அவருக்குச் சேரவேண்டும்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இறக்குமதி நின்றிருந்த காலத்தில் இந்தக் கொம்பனிகள் நகைக் கடனிலும், ஏற்கெனவே ஓடும் வாகனத்தை ஈடாக வைத்த கடனிலும்தான் பிழைத்தன. திரும்பத் திறந்ததும் லீசிங் விளம்பரம் பழையபடி எல்லாச் சந்தியிலும் ஏறிவிட்டது. கோயில் திருவிழாப் பந்தலில் அவர்கள் பதாகை, கலண்டரில் முருகன் படத்துக்குக் கீழே அவர்கள் பெயர், கையெழுத்து வைத்தால் ஒரு ஹெல்மெற் இலவசம். ஒரு மணித்தியாலத்தில் கடன் தருகிறார்களாம். ஒரு மணித்தியாலத்தில் கடன் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, விற்ற விலையை எழுதி அனுப்ப எவ்வளவு நேரம் எடுக்கும்?

கடன் வளரும் வேகத்தைப் பார்த்து, பெறுமதியில் எத்தனை சதவீதம் கொடுக்கலாம் என்ற வரம்பை நீங்கள் அவ்வப்போது மாற்றுகிறீர்கள். கொடுக்கும் நேரத்தில் காட்டும் கவனத்தை, பறித்து விற்கும் நேரத்திலும் காட்டும்படி கேட்கிறேன். இப்போது கையெழுத்தாகும் ஒப்பந்தங்களில் எத்தனையோ இன்னும் இரண்டு, மூன்று வருடத்தில் பிந்தப்போகின்றன. அதற்கு முன்னதாக இந்தப் பணிப்புரையை வெளியிடும்படியும், ஏற்கெனவே விற்கப்பட்ட வாகனங்களின் விலையைக் கேட்பவர்களுக்குக் கொம்பனிகள் 30 நாளுக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும் என்று அதில் சேர்க்கும்படியும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். என் மாணவனின் ஒப்பந்தப் பிரதியும் அந்த 187,450 ரூபாக் கடிதமும் என்னிடம் இருக்கின்றன. உங்கள் அலுவலகம் கேட்டால் அவனுடைய சம்மதத்தோடு அனுப்பிவைக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகக்கல்வி ஆசிரியர்,
கிளிநொச்சி