கால்நடை வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் கால்நடை உதவி மருத்துவர் அவர்களே, பட்டியைப் பிள்ளைகள் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் செயற்குழு அதிகம் பேசியது ஆட்டுக்கொல்லி நோயைப் பற்றித்தான். தீபாவளிக்குப் பின் மழை விட்ட நேரத்தில் நம் பகுதியில் இரண்டு ஊர்களில் அது வந்தது. முதல் ஊரில், சந்தையில் வாங்கி வந்த ஆடுகளுக்குக் காய்ச்சல் கண்டது. மூக்கில் சளி, வாயில் புண், பிறகு கழிச்சல். வளர்த்தவர் அன்று மாலையே சங்கத்துக்குச் சொன்னார். மறுநாள் காலையில் மருத்துவர் வந்து மூக்குச் சளியும் இரத்தமும் எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மாவட்ட நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பினார். முடிவுக்குக் காத்திராமல் சுற்றியிருந்த பட்டிகளில் நோய் காணாத ஆடுகளுக்குத் தடுப்பூசியும் போடப்பட்டது. நோய் அந்தப் பட்டியைத் தாண்டவில்லை.

இரண்டாவது ஊரில் செத்த ஆடுகளை இரவோடு இரவாகப் புதைத்தார்கள். வெளியே தெரிந்தால் மீதி ஆடு விலை போகாது என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆட்டை நம்பித்தான் பள்ளிக் கட்டணமும் கல்யாணச் செலவும் இருக்கின்றன. ஆனால் நமக்குத் தகவல் வந்து சேர்வதற்குள் பக்கத்துக் கொல்லைகளில் இருந்த குட்டிகள் பெரும்பாலும் போய்விட்டன. மறைத்தவருக்கும் மிச்சம் இல்லை, அடுத்தவருக்கும் மிச்சம் இல்லை.

இந்த நோயின் வரலாற்றில் நம் மண்ணுக்கு ஓர் இடம் உண்டு. இளைய உறுப்பினர்கள் பலருக்கு அது தெரியாது என்பதால் இங்கே சொல்கிறேன். ஆட்டுக்கொல்லி முதலில் 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் கண்டறியப்பட்டது. இந்தியாவில் அது முதன்முதலில் உறுதியானது 1987இல், திருச்சி நெடுஞ்சாலையில் நாம் தினமும் கடந்துபோகும் நம் விழுப்புரம் மாவட்டத்து அரசூரில், செம்மறி ஆடுகளில். மாடுகளைக் கொன்ற வெக்கை நோயும் இதுவும் ஒரே குடும்பத்து வைரஸ்களால் வருபவை. அறிகுறிகளும் ஏறக்குறைய ஒன்றே. பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலாவும் உடன் ஆய்வாளர்களும் இது வேறு நோய் என்று ஆய்வுக்கூடத்தில் நிறுவி, 1989இல் வெளியிட்டார்கள்.

அந்த அரசூர் ஆடுகளிலிருந்து எடுத்த வைரஸை வீரியம் குறைத்துத்தான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. அதன் பெயரே அரசூர் 87. கோயம்புத்தூர் 97, இமாசலப் பிரதேசத்து ஆட்டிலிருந்து வந்த சுங்ரி 96 ஆகியவை இந்தியாவில் உருவான மற்ற இரண்டு. அன்றைக்கு அரசூரில் ஆடுகளை ஓசையில்லாமல் புதைத்திருந்தால் அந்தத் தடுப்பூசி பிறந்திருக்காது. ஆராய்ச்சி என்பது எங்கோ கண்ணாடிக் குடுவையில் தொடங்குவதாக நினைக்கிறோம். அது நம் பட்டியில், நாம் கொடுக்கும் தகவலில் தொடங்குகிறது. இந்த ஆண்டு ஊர் ஊராகப் போய் நான் சொன்னதும் இதைத்தான்.

தடுப்பூசி முகாம்கள் நம் எல்லா ஊர்களிலும் நடந்தன. ஒரு முறை போட்டால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் பாதுகாப்பு நிற்கும். ஆனால் இது உயிருள்ள வைரஸ் கொண்ட மருந்து, வெயில் பட்டால் வீணாகிவிடும். ஆகவே புதிதாகக் குளிர்பெட்டி ஒன்று வாங்கினோம். கலக்கிய மருந்தை நிழலில் பனிக்கட்டியோடு வைத்துச் சீக்கிரம் போட்டு முடிக்க இளைஞர்கள் சிலர் பழகிக்கொண்டார்கள். மூன்று மாதம் ஆகாத குட்டிகளுக்குப் போடவில்லை என்று சிலர் வருத்தப்பட்டார்கள். சீம்பாலில் தாய் கொடுத்த எதிர்ப்பு சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது என்பதுதான் காரணம். வயலுக்கு எரு சேர இரவில் ஆடுகளை அடைத்துக் கிடை போட வெளியூரிலிருந்து வரும் மந்தைகளை முகாமில் சேர்ப்பது இன்னும் கைகூடவில்லை.

மாடுகளைப் பொறுத்தவரை, 2019இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசி தவறாமல் நடக்கிறது. காதில் மஞ்சள் தோடு இல்லாத மாடு நம் சங்கத்தில் அநேகமாக இல்லை. நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு, சினை மாட்டைக் கருக்கலைய வைக்கும் கன்றுவீச்சு நோய்க்கான (புரூசெல்லோசிஸ்) தடுப்பூசி வாழ்நாளில் ஒரே முறை போடுவது. அந்த வயதைத் தவறவிட்டால் பிறகு போட முடியாது. அந்த நோய் பச்சைப்பால் வழியாக மனிதருக்கும் வரும்.

தோல் கழலை நோய் சில ஊர்களில் தலைகாட்டியது. வெற்றிலை பத்து, மிளகு பத்து கிராம், உப்பு பத்து கிராம், வெல்லத்தோடு அரைத்து நாக்கில் தடவும் மூலிகை முறையைப் பலர் கையாண்டார்கள். பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி போன்றோர் பரப்பிய முறை அது. நோயுற்ற மாட்டுக்கு அது துணை செய்யும். வராமல் காக்க, ஆட்டம்மைத் தடுப்பு மருந்தைத்தான் மாட்டுக்குப் போடுகிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக்கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் கோடைக்கு முன் வழக்கம்போல் வந்தது. நாலு கோழி வைத்திருக்கும் பாட்டிகளால் கோழிகளைப் பிடித்து ஊசிக்குக் கொண்டுவர முடிவதில்லை. தீவனமாகக் கொத்தித் தின்னும் குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் நம் பல்கலைக்கழகமே உருவாக்கியிருக்கிறது. அதைப் பெற்றுத் தர எழுதியிருக்கிறோம்.

ஜூலை 6 அன்று நாய்களுக்கு இலவச வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. 1885இல் அதே நாளில்தான் லூயி பாஸ்டர் முதல் முறையாக ஒரு சிறுவனுக்கு அந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்தார். கிடைக்காவல் நாய்களைக் கூட்டி வந்தவர்கள் குறைவு. ஆட்டோடு படுத்து, நம் பிள்ளைகளோடு விளையாடும் நாய் அது. வரும் ஆண்டில் அவற்றுக்குக் கிடைக்கே போய் ஊசி போட மருத்துவர் இசைந்திருக்கிறார்.

செயற்குழு சார்பில் உங்கள் ஒப்புதலுக்கு மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். செஞ்சிச் சந்தையிலோ வேறெங்கோ வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்ட வேண்டும். ஆடு, மாடு, கோழி எது திடீரென்று செத்தாலும் அன்றே சங்கத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவித் தொலைபேசி எண்ணுக்கோ சொல்ல வேண்டும். மூக்கிலும் ஆசனவாயிலும் இரத்தம் கசிந்து செத்திருந்தால் அது மனிதருக்கும் தொற்றும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். யாரும் அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது, மருத்துவர் சொல்படி ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். மூன்றாவது, நோயைத் தெரிவித்ததால் ஆடு விற்க முடியாமல் தவிக்கும் உறுப்பினருக்குத் தீவனச் செலவுக்கென ஒரு சிறு நிதி ஒதுக்க வேண்டும். உண்மையைச் சொல்பவர் நட்டப்படக் கூடாது. ஆட்டுக்கொல்லியை 2030க்குள் உலகத்தை விட்டே ஒழிக்க ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. வெக்கை நோயை 2011இல் அப்படி ஒழித்துக் காட்டியதும் நடந்ததே.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். குளிர்பெட்டி வாங்கிய செலவும் கேட்டிருக்கும் நிதிக்கான வழியும் அதில் இருக்கின்றன.