பெர்மிட் வாடகைக்கு வேண்டாம், மச்சான்

தெலுக் இந்தான்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி தணிந்திருக்கிறது என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லாரும் சுகம். செம்பனை காய்ப்பு ஏறிவிட்டது. விடியுமுன்னே ஆலை வாசலில் லோரிகள் வரிசை பிடித்து நிற்கின்றன.

தம்பி பழைய லோரி ஒன்று பார்த்து வைத்திருக்கிறான், தன் பெயரிலுள்ள பெர்மிட்டை, அதாவது சரக்கு ஏற்றும் உரிமத்தை, மாத வாடகைக்குத் தர ஒருவர் தயாராக இருக்கிறார், உன் யோசனை என்ன என்று கேட்டிருந்தாய். லோரி தாராளமாக வாங்கட்டும். அந்தப் பெர்மிட்டில் மட்டும் ஓட்ட வேண்டாம். லோரிக்காரர்களுக்குத் தாள் வேலை பார்த்துக் கொடுப்பவன் என்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

வாடகைப் பெர்மிட் எப்படி நடக்கிறது என்று பார். உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் லோரியின் கிராண்ட், அதாவது வண்டிப் பதிவுத் தாள், எழுதப்படும். தம்பி காசு போடுவான், டயர் மாற்றுவான், இன்சூரன்ஸ் கட்டுவான். ஆனால் தாளில் லோரி அவனுடையது இல்லை. நாளைக்கு அந்த ஆள் கடனில் மாட்டினாலோ, இறந்துபோய்ப் பிள்ளைகள் பங்குக்கு வந்தாலோ, தம்பி எதைக் காட்டி லோரியைக் கேட்பான்? அதற்கும் மேலே, உரிமத்தை இப்படி வாடகைக்கு விடுவதே சட்டத்துக்குப் புறம்பு. 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் உரிமம் யார் பெயரில் கொடுக்கப்பட்டதோ அவருக்குத்தான். இந்த உரிமங்களை முன்பு ஸ்பாட் என்ற ஆணையம் பார்த்தது, 2019 முதல் ஆபாட் என்ற அரசு நிறுவனம் பார்க்கிறது. தீபகற்பம் முழுக்க ஒரே சட்டம்; உங்கள் கெடாவுக்கு ஒன்று, எங்கள் பேராவுக்கு ஒன்று இல்லை.

இதுவரை யாரும் கேட்கவில்லையே என்று பெர்மிட் தருகிறவர் சொல்லியிருப்பார். இப்போது கேட்கிறார்கள். போன வருஷம், 2025 மே 13, எங்கள் ஊரில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். சித்ரா பௌர்ணமி ஊர்வலத்துக்குக் காவலுக்கு வந்த எஃப்ஆர்யூ போலீஸ் பிள்ளைகள் காலையில் ஈப்போ திரும்பும்போது, சிக்குஸ் – சுங்கை லம்பாம் சாலையில் கல் ஏற்றி வந்த லோரியோடு மோதி ஒன்பது பேர் இறந்துபோனார்கள். நம் சாமி ஊர்வலம் பத்திரமாக நடக்க வேண்டும் என்று இரவெல்லாம் கண்விழித்தவர்கள் மச்சான். அந்தச் சாலையில் போகும்போது இன்னும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அடுத்த மாதமே கெரிக் பக்கம் பஸ் கவிழ்ந்து உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் பதினைந்து பேர் இறந்தார்கள். அந்த பஸ் வேறொருவர் உரிமத்தில் ஓடியது தெரியவந்து, உரிமமே ரத்தானது. அதற்குப் பிறகு போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் வாடகை உரிமத்தையும் அளவுக்கு மீறிய சுமையையும் சும்மா விடுவதாக இல்லை. கனரக வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் 2025 அக்டோபர் 1 முதல் கட்டங்கட்டமாகக் கட்டாயமாகிவிட்டது. பழைய லோரி வாங்குகிறவன் அந்தச் செலவையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சரி, நேர்வழி என்ன? உன் சொந்த நிலத்துச் செம்பனைக் குலையைச் சொந்த லோரியில் ஆலைக்கு ஏற்றினால் அதற்கு சி உரிமம். பக்கத்து நிலத்துக்காரர் குலையைக் கூலிக்கு ஏற்றினால் ஏ உரிமம் வேண்டும். உன் நிலத்துக் குலை மட்டும் லோரித் தவணை கட்டப் போதாது, தம்பி கட்டாயம் வெளிக்குலை ஏற்றத்தான் போவான். அதனால் ஏ உரிமத்துக்கே முயற்சி செய்யட்டும். கம்பெனிப் பதிவு, வங்கிக் கணக்கு, லோரி நிறுத்த இடம் எல்லாம் கேட்பார்கள், நாளாகும், அலைச்சல்தான். அதுவரை உங்கள் குலையை சி உரிமத்தில் ஏற்றிக்கொண்டிருக்கலாம். அவன் கையில் ஜிடிஎல், அதாவது சரக்கு வண்டி ஓட்டும் லைசென்ஸ், இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அது ஓட்டுநருக்கு உள்ளது, லோரியின் உரிமம் தனி.

டீசல்தான் இதில் பெரிய விஷயம். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஒரே நாளில் ஏறியது நினைவிருக்கும். சரக்கு வண்டிகளுக்கு 2.15க்கே கிடைக்க அரசாங்கம் எஸ்கேடிஎஸ் என்ற டீசல் மானிய அட்டை கொடுத்தது. அன்றைய விலையில் நூறு லிட்டருக்கு 120 வெள்ளி வித்தியாசம். அந்த அட்டை கம்பெனியின் பெயரில், வண்டி எண்ணோடு வரும். வாடகைப் பெர்மிட் என்றால் அட்டை யார் கையில் இருக்கும் என்று நீயே யோசி. சேவை வரியைப் பற்றிப் பயப்படாதே. 2024 மார்ச்சிலிருந்து தளவாட (சரக்குப் போக்குவரத்து) தொழிலுக்கு 6 விழுக்காடு வந்தாலும், வருஷ வருமானம் ஐந்து லட்சம் வெள்ளியைத் தாண்டினவர்களுக்குத்தான் பதிவு.

சுமையைப் பற்றித் தம்பியிடம் நீயே உட்கார்ந்து பேசு. வெட்டின குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறித் தரம் போய்விடும். கூலியோ டன் கணக்கு. ஆக, இரண்டு நடை அடிப்பதை ஒரே நடையில் ஏற்றிவிடலாம் என்று எவனுக்கும் கை துடிக்கும். கிராண்டில் போட்டிருக்கும் பிடிஎம் (சுமையோடு சேர்ந்த மொத்த எடை) அளவுக்கு மேல் ஒரு குலை கூட வேண்டாம். பிரேக் பிடிக்காத இடத்தில் அவனும் இருப்பான், எதிரே வருகிறவனும் இருப்பான்.

லோரிக்கு இன்னும் முன்பணம் கட்டாதே. கிராண்டையும், கடைசியாகச் செய்த புஸ்பாகோம் வண்டித் தகுதிச் சோதனை அறிக்கையையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை நடந்திருக்க வேண்டும். இடையில் விட்டிருந்தால் ஏன் என்று விற்பவரைக் கேட்கச் சொல். அடுத்த வாரம் நான் கூலிமுக்கு வருகிறேன். விண்ணப்பத்தை மூவருமாக உட்கார்ந்து நிரப்பிவிடுவோம்.

அன்புடன்,
உன் நண்பன்