மாடிக்கு ஏறி வந்த பெரியவர்களுக்கு

பெரியவர்களே, வணக்கம்.

மே மாத ஞாயிற்றுக்கிழமைகளில், முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் நம் கோவில்பட்டி வாசகசாலையின் செங்குத்துப் படிகளில் ஏறி வந்து, ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளோடு பேசினீர்கள். அதற்கு ஊரறிய நன்றி சொல்லவே இந்த மடல்.

"அறிவுரைன்னு போட்டா ஒருத்தனும் வரமாட்டான்" என்று பிள்ளைகள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் நோட்டீஸில் பேச்சு, டீ, கடலைமிட்டாய் என்று மட்டும் அச்சடித்தோம். கூடவே ஒரு விதி: யார் "எங்க காலத்துல" என்று ஆரம்பித்தாலும் உண்டியலில் இரண்டு ரூபாய் போட வேண்டும். இதில் அதிகம் அபராதம் கட்டியவர் தபால் ஆபீஸ் சார். ஆனால் அவர் கொடுத்த காசுக்கு மேலேயே கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். 'பத்து வட்டி' என்றால் மாதம் நூற்றுக்குப் பத்து, வருடத்துக்கு 120 என்று அவர் போர்டில் எழுதியபோதுதான், வீட்டில் அடிக்கடி காதில் விழும் அந்த வார்த்தைக்கு எவ்வளவு கனம் என்று பல பிள்ளைகளுக்கு உறைத்தது. செல்போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப்களையும் அதே போர்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். பத்து வயது ஆனவர்கள் தபால் ஆபீஸில் தங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், 500 ரூபாய் போதும் என்றும் சொன்னார். சில பிள்ளைகள் மறுநாளே போய்க் கணக்கு தொடங்கிவிட்டார்கள்.

கண்டக்டர் அண்ணாச்சிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும், அவரை மடக்கியும் அவர் கோபப்படாததற்கு. "கவர்மெண்டு வேலைக்குப் போயிரு, கண்ண மூடிட்டு" என்றார் அவர். பிளஸ் டூ பையன் ஒருவன் எழுந்து, 2024 குரூப் 4 அறிவிப்பில் 6,244 இடங்கள், தேர்வு எழுதியவர்களோ 15 லட்சத்துக்கும் மேல் என்றான். அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "எனக்கு எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கே கார்டு வந்துச்சு தம்பி. நான் சொன்னது பழைய கணக்கு. நீ பரீட்சைய எழுது, கூடவே கைத்தொழில் ஒண்ணும் பழகிக்கோ" என்றார். பெரியவர் ஒருவர் தன் வார்த்தையைப் பிள்ளைகள் முன்னால் திருத்திக்கொள்வதை நம் வீடுகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்?

நர்ஸம்மா பேசியதை இங்கே முழுதாக எழுத மாட்டேன். பிள்ளைகள் அவரை நம்பிக் கேட்டவை அவை. குழந்தைகள் உதவிக்கு அழைக்கும் 1098 என்ற எண் இப்போது அவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆச்சி, நீங்கள் வரவே தயங்கினீர்கள். "நான் என்னத்தப் படிச்சேன், எனக்கு என்ன தெரியும்" என்றீர்கள். பத்து வயதில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் விடியுமுன் ஊருக்குள் வந்து ஹாரன் அடித்ததையும், தூக்கக் கலக்கத்தோடு ஏறிப் போய் மரச் சட்டத்தில் ஒவ்வொரு குச்சியாக அடுக்கியதையும், மருந்து வாடையோடு சாப்பிட்டதையும் சொன்னீர்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தபோது உங்கள் பிள்ளைகளே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். படிக்கச் சொல்லி ஒரு வார்த்தை உபதேசம் செய்யவில்லை நீங்கள். "எங்கூலியிலதான் எந்தம்பி படிச்சு வாத்தியாரானான். அதுல எனக்குச் சந்தோசந்தான். ஆனா உனக்கு என்ன ஆசைன்னு என்னைய ஒருத்தரும் கேக்கல. நீங்க வீட்டுக்குப் போயி உங்க தங்கச்சிகிட்டக் கேளுங்கப்பா" என்றீர்கள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஒரு பையன் தங்கையைச் சைக்கிளில் கூட்டி வந்தான். அவள் எட்டாவதுதான். நம் விதிப்படி அனுமதி இல்லை. விதியைத் தளர்த்திவிட்டோம். கேள்வி கேட்பதில் இப்போது அவளை மிஞ்ச ஆள் இல்லை.

உடைசல் கடலைமிட்டாயைப் பை பையாகக் கொடுத்தனுப்பிய கடைக்காரருக்கும், கரண்ட் போன மாலையில் எமர்ஜென்சி லைட் தந்த எதிர்வீட்டு மைனிக்கும், இருட்டும் வரை பிள்ளைகளைத் தேடாமல் எங்களை நம்பிய அம்மாக்களுக்கும் நன்றி. உண்டியல் காசில் மாடிக்கு ஒரு டியூப்லைட் வாங்கியாயிற்று. தபால் ஆபீஸ் சார் பெயரை அதில் எழுதலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஒரு விண்ணப்பமும் உண்டு. வேலையில் நிலைத்தவர்களின் பேச்சை நிறையக் கேட்டாயிற்று, தொழிலில் நொடித்துப்போன ஒருவரைக் கூட்டி வாருங்கள் என்று பிள்ளைகள் பிடிவாதமாக இருக்கிறார்கள். அப்படி யாராவது பேச முன்வந்தால் நம் டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மாடி ஏற முடியாதவர் என்றால் நாற்காலிகளைக் கீழே இறக்கிப் போட்டுவிடுகிறோம்.

அன்புடன்,
வாசகர் வட்டத்துக்காக