நாணயக் கண்காட்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கண்காட்சி அமைப்பாளர்களுக்கு வணக்கம்.

‘ரோமானிய வெள்ளி, 2000 ஆண்டுப் பழமை’ என்ற சீட்டை உங்கள் மேசைகளில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. எந்த மன்னன், எந்த அக்கசாலை (காசு அடித்த இடம்), என்ன எடை என்று ஒரு வரி எழுத விற்பவருக்கு என்ன தயக்கம்?

கொங்கு நாட்டுக் காசுகளில் இது பெரிய வித்தையும் அன்று. வெள்ளலூர், பொள்ளாச்சிப் பக்கத்துப் புதையல்களில் வந்த தெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பகுதி இரண்டே வகை. ரோமப் பேரரசர் அகஸ்டஸின் காசின் பின்பக்கத்தில் அவர் தத்தெடுத்த பேரர்கள் காயுஸும் லூசியஸும் நிற்பார்கள். நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும் இருக்கும். அவருக்குப் பின் ஆண்ட திபேரியஸின் காசில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருப்பாள். சுற்றிலும் ‘பொன்டிஃப் மேக்சிம்’, அதாவது தலைமைப் பூசாரி என்ற பட்டம். அவளை மன்னனின் தாய் லிவியா என்பார்கள். இந்த வகையில் ஆண்டுக் குறிப்பே கிடையாது. அதனால் நாற்காலிக் கால்கள் வெறுமையா, வேலைப்பாடு உள்ளவையா, அடியில் கோடு ஒன்றா இரண்டா என்று பார்த்துத்தான் அறிஞர்கள் உட்பிரிவு செய்கிறார்கள். பிற்கால மன்னர்கள் பலரின் காசில் ‘டிஆர் பி’ (ட்ரிப்யூன் அதிகாரம் என்ற பட்டத்தின் சுருக்கம்) என்ற எழுத்துகளையடுத்து வரும் எண்ணே ஆட்சியாண்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

திபேரியஸ் காசை ‘பைபிளில் வரும் வரிக்காசு’ என்று சொல்லி விலையேற்றுகிறார்கள். அங்கே சீசரின் உருவம் என்றுதான் இருக்கிறது; எந்தச் சீசர் என்று இல்லை.

அடுத்தது தராசு. கி.பி. 64-இல் பேரரசர் நீரோ தெனாரியஸின் எடையைக் குறைத்தார். ஒரு ரோமானிய ராத்தலுக்கு 84 காசு என்றிருந்தது 96 ஆயிற்று. வெள்ளியின் தரமும் இறங்கியது. அதற்கு முந்தைய நல்ல காசு 3.8 கிராம் அளவில் நிற்கும். மிகவும் குறைந்தால் செம்புக் கருவின் மேல் வெள்ளி போர்த்திய காசா என்று விளிம்பைப் பாருங்கள். சென்ற முறை ஒரு தட்டில் மூன்று காசுகளின் விளிம்பு ஒரே இடத்தில், ஒரே வடிவில் வெடித்திருந்தது. ஒரே அச்சில் அடித்தவற்றுக்கு முகம் ஒன்றாக இருக்கலாம், காயம் ஒன்றாக இருக்காது. அவை ஒரே காசிலிருந்து அச்செடுத்து வார்த்த போலிகள்.

ஆனால் எழுத்து குழம்பியிருப்பதை எல்லாம் நேற்றுச் செய்த போலி என்று ஒதுக்கவும் வேண்டாம். ரோமானியக் காசைப் பார்த்து அக்காலத்திலேயே இந்தியாவில் செய்தவையும் உண்டு. எனக்கு அவையே அசலைவிடச் சுவையானவை.

விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். தேய்ப்பில் எழுத்தும் போகிறது, எடையும் போகிறது.

காசு கிடைத்த ஊரையும் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ‘எங்கள் தோட்டத்தில் கிடைத்தது’ என்று பெருமையாகச் சொல்பவரிடம், தெரிவித்ததற்கான காகிதத்தைப் பார்த்த பிறகு மேசை கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கண்காட்சிகளுக்குத் தொடர்ந்து வரும் ஒரு சேகரிப்பாளர்