இரண்டு டாலர் முன்பணம்: குயின்ஸ் பிள்ளைகளுக்கு டிரம்பெட் வாங்க ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஃப்ளஷிங், கொரோனா, எல்ம்ஹர்ஸ்ட், ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், ஒரு காலத்தில் இங்கே இருந்துவிட்டு லாங் ஐலண்டுக்கும் நியூ ஜெர்சிக்கும் மாறிப் போனவர்களுக்கும் இந்தக் கடிதம். பள்ளிக்கூட பேண்டில் சேர ஆசை இருந்தும் கையில் வாத்தியம் இல்லாததால் சேர முடியாத பிள்ளைகளுக்காக 20 டிரம்பெட் வாங்கப் போகிறோம். வாடகை கிடையாது. படிக்கிற வரைக்கும் வைத்துக்கொண்டு, முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

இந்தப் பேச்சு ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பவுன் தெருப் பிள்ளையார் கோயில் கேண்டீனில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. எங்களில் ஒருவருடைய மகள் பள்ளியில் டிரம்பெட் ஊதுகிறாள். அவளோடு படிக்கும் பையன், ஈக்வடாரிலிருந்து வந்த குடும்பம், அவளைவிட நன்றாகத் தாளம் பிடிப்பானாம். ஆனால் மாத வாடகைக்கு வாத்தியம் எடுக்க வீட்டில் முடியவில்லை. பேண்டு நடக்கும் நேரத்தில் அவன் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறான். இதை அந்தப் பெண் சாதாரணமாகத்தான் சொன்னாள். கேட்ட எங்களுக்குத்தான் தோசை இறங்கவில்லை. ஏனென்றால் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில், ஃப்ளஷிங் கல்லறைத் தோட்டத்தில், ஜாஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின இசையின் மாபெரும் டிரம்பெட் வித்வான் லூயி ஆம்ஸ்ட்ராங் படுத்திருக்கிறார். கல்லறைக் கல்லின் மேல் ஒரு வெள்ளை டிரம்பெட் செதுக்கி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள்.

நம்மில் பலருக்கு அந்தப் பெயர் யு.எஸ். ஓப்பன் டென்னிஸ் அரங்கத்தின் பெயராகத்தான் தெரியும். அந்த மனிதர் யார், அவர் கைக்கு வாத்தியம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். எங்கள் திட்டமே அந்தக் கதையிலிருந்து வந்ததுதான்.

1901 ஆகஸ்ட் 4 அன்று நியூ ஆர்லியன்ஸில் பிறந்தார். 1900 ஜூலை 4 என்றுதான் வாழ்நாள் முழுக்க நம்பிக்கொண்டிருந்தார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் சரியான தேதி தெரிந்தது. அப்பா குழந்தையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். முதலில் பாட்டி வளர்த்தார், பிறகு அம்மா மேயான். அவர்கள் இருந்த பகுதியை ஊர்க்காரர்கள் 'போர்க்களம்' என்றே கூப்பிட்டார்கள், அவ்வளவு அடிதடி.

அந்த ஊரில் கார்னோஃப்ஸ்கி என்று ஒரு யூதக் குடும்பம் இருந்தது. லித்துவேனியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். பழைய சாமான் வாங்குவதும் கரி விற்பதும் அவர்கள் பிழைப்பு. சிறுவன் லூயி அவர்களுடைய குதிரை வண்டியில் வேலைக்குப் போனான். வண்டி வருவது தெருவுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக ஒரு தகர ஊதலை வைத்து ஊதுவான். ஊதி ஊதி அதிலேயே பாட்டு வரவழைத்தான். ஒருநாள் அடகுக் கடை ஜன்னலில் ஒரு பழைய கார்னெட்டைப் பார்த்தான். டிரம்பெட்டுக்குத் தம்பி மாதிரி, கொஞ்சம் குட்டையான வாத்தியம். விலை 5 டாலர். அந்த வீட்டுப் பிள்ளை மாரிஸ் சம்பளத்தில் முன்பணமாக 2 டாலர் கொடுத்தார். மீதியை வாரம் 50 சென்டாகச் சேர்த்து லூயி அடைத்தான். அழுக்கேறிக் கறுத்துப்போயிருந்த அந்தக் கார்னெட்டைப் பித்தளைப் பாலிஷ் போட்டுத் துலக்கி, உள்ளே எண்ணெய் விட்டுச் சுத்தம் செய்து கொடுத்ததும் அதே மாரிஸ்தான். இதையெல்லாம் ஆம்ஸ்ட்ராங்கே 1969இல், நியூயார்க்கில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபோது, தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். அறுபது ஆண்டுக்கு முந்தைய இரண்டு டாலரை உடம்பு முடியாத நேரத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்றால், அது அவருக்கு எவ்வளவு பெரிய தொகையாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் 1912 டிசம்பர் 31 ராத்திரி. புது வருடக் கொண்டாட்டத்தில், வீட்டிலிருந்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய் வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டான் பையன். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் ஒன்றரை ஆண்டு. அங்கே பீட்டர் டேவிஸ் என்ற பேண்டு மாஸ்டர். முதலில் இவனைக் கிட்டேயே சேர்க்கவில்லை, போர்க்களத்துப் பையன்களிடம் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கையில் முதலில் ஒரு டம்பரின் கொடுத்தார். பிறகு டிரம், ஆல்ட்டோ ஹார்ன், பியூகிள், கடைசியில் கார்னெட். கொஞ்ச நாளில் அந்த பேண்டுக்கே அவன் தலைவன்.

இதில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. அந்த இல்லத்துப் பையன்களின் பேண்டு ஒருநாள் லூயி வளர்ந்த தெரு வழியாகவே ஊர்வலம் போனது. தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பிக் கூட்டிவந்தார்கள். சூதாடிகள், விலைமாதர்கள், கூலிக்காரர்கள் என்று அந்தத் தெருவே வாசலுக்கு வந்து நின்று, நம்ம மேயான் பிள்ளை ஊதுகிறான் என்று காசு போட்டது. தொப்பி நிரம்பி வழிந்து, மற்ற பையன்களின் தொப்பிகளையும் வாங்க வேண்டியிருந்ததாம். அந்தப் பணத்தில் பேண்டு முழுவதற்கும் புதுச் சீருடையும் புது வாத்தியங்களும் வாங்க முடிந்தது என்று தன் வாழ்க்கைக் கதையில் அவர் எழுதியிருக்கிறார். அந்தத் தெருவில் பணக்காரர் ஒருவரும் இல்லை.

வெளியே வந்தபின் பகலில் கரி வண்டி, ராத்திரியில் கார்னெட். கிங் ஆலிவர் என்று ஊரே கொண்டாடிய கார்னெட் வித்வான் இவரைச் சீடனாக எடுத்துக்கொண்டார். குருகுலம் மாதிரிதான், ஆலிவரின் மனைவிக்குக் கடை கண்ணிக்குப் போய்வருவது, பதிலுக்குப் பாடம். தன்னுடைய பழைய கார்னெட் ஒன்றையும் ஆலிவர் கொடுத்தார். 1918இல் ஆலிவர் சிகாகோவுக்குப் போனதும், கிட் ஓரியின் குழுவில் அவருடைய இடத்தில் இவர் உட்கார்ந்தார். அடுத்து மிசிசிப்பி ஆற்றுப் படகுகளில் வாசிப்பு. எழுதிய இசைக் குறிப்பைப் பார்த்துச் சரளமாக வாசிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

1922 ஆகஸ்டில் ஆலிவரிடமிருந்து அழைப்பு. அம்மா கட்டிக்கொடுத்த மீன் சாண்ட்விச்சோடு சிகாகோ ரயிலேறினார். 1925 நவம்பர் முதல் 1928 வரை அங்கே சின்னக் குழுக்களோடு அவர் பதிவு செய்த இசைத்தட்டுகள் ஜாஸையே திருப்பிப் போட்டன. அதுவரை குழு முழுக்கச் சேர்ந்து வாசிப்பதுதான் அந்த இசையின் உயிர். இவர் வந்தபின் ஒருவர் தனியாக எழுந்து நின்று, கற்பனையில் விரித்துக்கொண்டே போவது மையமானது. கச்சேரி கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டாம். கற்பனை ஸ்வரம் எப்படி ஒரு வித்வானின் முத்திரையோ, அப்படி. 1928 ஜூன் 28 அன்று பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' ஆரம்பத்தில் பதினைந்து விநாடிக்கும் குறைவாகத் துணை வாத்தியம் எதுவும் இல்லாமல் டிரம்பெட் மட்டும் ஒலிக்கும். ராகத்தின் வாசலைத் திறக்கிற ஆலாபனை மாதிரி இருக்கும். இன்று ராத்திரி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பிறகு வந்த புகழை வேகமாகச் சொல்லிவிடலாம்: ஐரோப்பா, ஆப்பிரிக்கா, சினிமா, 1964இல் பீட்டில்ஸை முதலிடத்திலிருந்து இறக்கிய பாட்டு. 1957இல் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளை உள்ளே விடாமல் தடுத்தபோது, அரசு ஏற்பாடு செய்ய இருந்த சோவியத் பயணத்துக்குப் போக மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். பிள்ளைகளுக்காக அவர் குரல் உயர்த்திய அந்த நாளை நாங்கள் அவருடைய எந்தக் கச்சேரிக்கும் குறைவாக நினைக்கவில்லை.

அவர் உதட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நாகஸ்வரத்துக்குச் சீவாளி உண்டு. டிரம்பெட்டில் உதடுதான் சீவாளி. உதடு வைத்து ஊதுகிற மவுத்பீஸை அழுத்தி அழுத்தி, இரவுக்கிரவு உச்ச ஸ்வரங்களை ஊதியதில் ஆம்ஸ்ட்ராங்கின் உதடு வெடித்துக் கிழிந்தது. 1930களின் நடுவில் மாதக்கணக்கில் வாத்தியத்தைத் தொடாமல் இருக்க நேர்ந்தது. கடைசிவரை அந்தத் தழும்போடுதான் வாசித்தார். இதை எதற்குச் சொல்கிறோம் என்றால், வாத்தியத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளையை அனுப்பிவிடக் கூடாது. உதட்டை எப்படி வைப்பது, மூச்சை எங்கிருந்து எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். அதனால்தான் எங்கள் திட்டத்தில் சனிக்கிழமை வகுப்பும் சேர்ந்திருக்கிறது.

சரி, நம் ஊருக்கு அவர் வந்த கதைக்கு வருவோம். 1943இல் அவர் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, மனைவி லூசில் கொரோனாவில் 107ஆம் தெருவில் ஒரு சாதாரண வீட்டை வாங்கினார். ஊர் திரும்பியவர், வீடு பிடிக்காவிட்டால் கிளம்பிவிடலாம் என்று டாக்சியை நிற்க வைத்துவிட்டுத்தான் கதவைத் தட்டினாராம். உள்ளே போனவர் 1971 ஜூலை 6 அன்று தூக்கத்திலேயே உயிர் போகும்வரை அந்த வீட்டை விட்டு மாறவில்லை. உலகப் புகழும் பணமும் வந்தபிறகும் பெரிய மாளிகை தேடிப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு டிரம்பெட் ஊதிக்கொண்டிருக்கும் படங்கள் இருக்கின்றன. 2003 முதல் அந்த வீடு அருங்காட்சியகம். 7ஆம் எண் ரயிலில் 103ஆம் தெரு நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

அந்தப் படிகளுக்கு எதிரும் புதிருமாக இன்று குடியிருப்பவர்கள் ஈக்வடார், மெக்சிகோ, டொமினிக்கன் குடும்பங்கள். கொஞ்சம் தள்ளி நாம். எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். "வீணை, மிருதங்கம் வாங்கித் தரலாமே, நம் பிள்ளைகளுக்கு மட்டும் செய்யலாமே" என்று எங்கள் கூட்டத்திலேயே இரண்டு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், நீண்ட நேரம் பேசினோம். கார்னோஃப்ஸ்கி வீட்டில் அப்படி யாரும் நினைக்கவில்லை. மொழி, நிறம், மதம் எதுவும் ஒட்டாத ஒரு பையனுக்குத் தங்கள் மேஜையில் சாப்பாடு போட்டு, இரண்டு டாலரும் கொடுத்தார்கள். கேட்டவர்களே கடைசியில் முதல் நன்கொடையை எழுதினார்கள். நம் பிள்ளைகளும் கேட்டால் அவர்களுக்கும் உண்டு. யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கப் போவதில்லை.

கணக்கைச் சொல்கிறோம். மாணவர்களுக்கேற்ற, ஏற்கெனவே யாரோ வாசித்த பி-ஃப்ளாட் டிரம்பெட் ஒன்று, முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்து வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர, எங்கள் மதிப்பில் 300 டாலர் ஆகும். 20க்கு 6,000. விரலால் அழுத்துகிற வால்வுகளுக்கு ஆயில், சின்ன ரிப்பேர், உறை ஆகியவற்றுக்கு ஓர் ஆண்டுக்கு 800. சனிக்கிழமை ஆசிரியருக்கு வாரம் 70 டாலர் வீதம் 40 வாரத்துக்கு 2,800. மொத்தம் 9,600 டாலர். இதுவரை எங்களுக்குள் 2,150 சேர்ந்திருக்கிறது. இன்னும் 7,450 வேண்டும். வகுப்புக்கு ஃப்ளஷிங்கில் ஒரு குழு உறுப்பினர் தன் வீட்டு பேஸ்மென்டை இலவசமாகத் தருகிறார். குழுவில் யாருக்கும் சம்பளமோ பயணப்படியோ கிடையாது.

புதிதாக மலிவு விலையில் ஆன்லைனில் வாங்கலாமே என்று தோன்றலாம். வாங்கிப் பார்த்தோம். ஆறே மாதத்தில் வால்வு சிக்கியது, சரிசெய்யப் பாகம் கிடைக்கவில்லை. நன்றாகச் செய்யப்பட்ட பழைய வாத்தியம் பல பிள்ளைகள் கைமாறியும் நிற்கும்.

300 டாலர் கொடுத்தால் ஒரு டிரம்பெட் முழுதாக உங்களுடையது. 70 டாலர் ஒரு வார வகுப்பு. அவ்வளவு முடியாதவர்கள் இரண்டு டாலர் கொடுங்கள், அதையும் அதே மரியாதையோடு பதிவேட்டில் எழுதிக்கொள்வோம். குழுவில் உங்களுக்குத் தெரிந்தவர் எவரிடமும் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். ரசீது இல்லாமல் ஒரு சென்டும் வாங்க மாட்டோம். வரவு செலவு விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்த எல்லோருக்கும் அனுப்புவோம். செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது முதல் 8 டிரம்பெட்டாவது பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. முதலாவது அந்த நூலகத்துப் பையனுக்கு.

பணம் தவிர இன்னொன்றும் கேட்கிறோம். உங்கள் மகனோ மகளோ பள்ளியில் வாசித்த டிரம்பெட், அவர்கள் கல்லூரிக்குப் போனபின் அலமாரியில் கிடக்கிறதா? அதைத் தாருங்கள். கறுத்திருந்தாலும், நசுங்கியிருந்தாலும், வால்வு இறங்காவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் சரிசெய்துகொள்கிறோம். மவுத்பீஸ் உள்ளே இறுகிப்போயிருந்தால் தயவுசெய்து குறடு போட்டு இழுக்காதீர்கள். குழாய் முறுக்கிக்கொள்ளும். அப்படியே உறையில் வைத்துக் கொடுத்துவிடுங்கள், அதை எடுக்கத் தனிக் கருவி இருக்கிறது.

இப்படிக்கு,
குழுவினர்
ஃப்ளஷிங், குயின்ஸ்