நம் பிள்ளைகள் ஏன் நிரல் எழுதப் பழக வேண்டும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

பொருள்: ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளில் கணினி நிரலாக்கப் பாடம் தொடங்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் பருவம் முதல் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வாரத்தில் இரண்டு பாடவேளைகள் கணினி நிரலாக்கத்துக்கென ஒதுக்கப்படுகின்றன. கோடிங் என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். கணினி செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லும் கட்டளைகளின் தொகுப்பே நிரல். அறிவிப்பு வெளியானதும் உங்களில் பலர் நேரிலும் தொலைபேசியிலும் இரண்டு கேள்விகளைக் கேட்டீர்கள். இதைப் படித்தால் நாளை வேலை கிடைக்குமா என்பது ஒன்று. செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிற காலத்தில் பிள்ளைகள் இதற்காக ஏன் நேரம் செலவிட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே நியாயமான கேள்விகள். சுற்றறிக்கையின் இரண்டு வரிகளில் அவற்றுக்குப் பதில் அடங்காது என்பதால்தான் இந்தக் கடிதம்.

வேலையைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். நிரலாக்கம் படித்தால் வேலை உறுதி என்று எந்தப் பள்ளியும் வாக்குத் தர முடியாது. அப்படித் தருபவர்களை நம்பவும் வேண்டாம். எல்லாப் பிள்ளைகளும் மென்பொருள் துறைக்குப் போகப்போவதில்லை, போக வேண்டிய அவசியமும் இல்லை. இதயம் எப்படி இயங்குகிறது என்று நாம் கற்பிப்பது எல்லாரையும் மருத்துவராக்குவதற்காக அல்ல. தம் உடலுக்குள் நடப்பதை அறியாமல் ஒருவர் வாழக்கூடாது என்பதற்காக. நிரலாக்கத்தையும் நான் அவ்வாறே பார்க்கிறேன். வங்கிக் கடன் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்வதும், கைபேசியில் பிள்ளை அடுத்து எந்தக் காணொளியைப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுப்பதும், மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு எவ்வளவு மருந்து செல்ல வேண்டும் என்று கணக்கிடுவதும் இன்று பெரும்பாலும் நிரல்களே. அந்த நிரல்களில் இருப்பவை யாரோ சில மனிதர்கள் யோசித்து எழுதிய விதிகள். ஆகவே அவற்றில் தவறு இருக்கலாம், அவற்றைக் கேள்வி கேட்கலாம் என்பதை ஒரு முறையாவது தன் கையால் நிரல் எழுதிய பிள்ளை ஐயமின்றி அறிந்திருக்கும்.

வகுப்பில் நாங்கள் கொடுக்கவிருக்கும் ஒரு சிறிய பயிற்சியைச் சொல்கிறேன். தேர்ச்சி மதிப்பெண் 40 என்று வைத்துக்கொள்வோம். மாணவரின் மதிப்பெண்ணைப் பெற்று, தேர்ச்சியா இல்லையா என்று சொல்லும் நிரலை எழுத வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் ‘மதிப்பெண் 40-ஐ விடப் பெரியது எனில் தேர்ச்சி, இல்லையெனில் தோல்வி’ என்று எழுதுவார்கள். 75 கொடுத்துப் பார்த்தால் தேர்ச்சி என்று வரும். 20 கொடுத்தால் தோல்வி என்று வரும். எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். சரியாக 40 எடுத்த மாணவரின் மதிப்பெண்ணைக் கொடுக்கும்போதுதான் கணினி அவரைத் தோல்வி என்று அறிவிக்கும். ‘பெரியது’ என்பதற்கும் ‘பெரியது அல்லது சமம்’ என்பதற்கும் இடையே ஒரே ஒரு குறிதான் வேறுபாடு. அந்தக் குறியில் ஒரு பிள்ளையின் ஓராண்டு அடங்கியிருக்கிறது. அதன்பின் ஆசிரியர் இன்னொன்றையும் கேட்பார்: தேர்வுக்கே வராத மாணவரின் கட்டம் காலியாக இருந்தால் உன் நிரல் என்ன செய்யும்? சுழியம் என்று எடுத்துக்கொள்ளுமா, நின்றுவிடுமா? இப்படி யோசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு, கணினி நாம் நினைத்ததைச் செய்வதில்லை, நாம் சொன்னதைத்தான் செய்கிறது என்பது விளங்கிவிடும். இந்தப் பாடத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

சொன்னதற்கும் நினைத்ததற்கும் இடையிலான இந்த இடைவெளி உயிர்களையே பறித்திருக்கிறது. 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி, புற்றுநோயாளிகள் சிலருக்கு அளவுக்கு மிகமிக அதிகமான கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களில் சிலர் இறந்தனர். கருவியை இயக்குபவர் திரையில் உள்ளிட்ட விவரத்தை மிக வேகமாகத் திருத்தும்போது மட்டும் வெளிப்பட்ட ஒரு நிரல் பிழை அதன் காரணங்களுள் ஒன்று. முந்தைய கருவிகளில் இத்தகைய ஆபத்தைத் தடுக்கத் தனியே பாதுகாப்பு அமைப்புகள் இருந்தன. புதிய கருவியில் அவற்றை நீக்கிவிட்டு, நிரல் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிட்டார்கள். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இதை விரிவாகவே சொல்லப்போகிறோம். பிள்ளைகளை அச்சுறுத்துவது நோக்கமன்று. கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் இளம் வயதிலேயே வேரூன்றிவிடக்கூடாது என்பதே நோக்கம்.

செயற்கை நுண்ணறிவு பற்றிய கேள்விக்கு இப்போது வருகிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி வெளிவந்த பிறகு, எளிய சொற்களில் கேட்டால் நிரலை எழுதித் தரும் கருவிகள் பெருகிவிட்டன என்பது உண்மை. பிள்ளைகள் அவற்றைப் பயன்படுத்துவார்கள். தடுக்க முடியாது, முற்றாகத் தடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் ‘மாணவர்களை மதிப்பெண் வாரியாகத் தரவரிசைப்படுத்து’ என்று மட்டும் அந்தக் கருவியிடம் கேட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். இருவர் ஒரே மதிப்பெண் பெற்று முதலிடத்தில் இருந்தால், அடுத்தவர் இரண்டாமிடமா மூன்றாமிடமா? இரண்டு முறைகளும் வழக்கில் உள்ளவைதான். நாம் சொல்லாமல் விட்டதைக் கருவி தானாக ஒன்றை வைத்து நிரப்பிவிடும்; விடை தெளிவாகவும் நேர்த்தியாகவும் வந்து நிற்கும். அதற்குள் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது என்பதே நிரலாக்கம் அறியாதவர் கண்ணுக்குத் தெரியாது. ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட கணிப்பொறியைப் பற்றி 1843-இல் விரிவான குறிப்புகள் எழுதிய கணித அறிஞர் ஏடா லவ்லேஸ், அந்தப் பொறி தானாக எதையும் தோற்றுவிக்காது, எதைச் செய்யும்படி கட்டளையிட நமக்குத் தெரிகிறதோ அதைத்தான் செய்யும் என்று குறிப்பிட்டார். இன்றைய கருவிகளுக்கு அது அப்படியே பொருந்துமா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். ஆனால் தெளிவாகக் கேட்பதும், வந்த விடையைச் சோதித்துப் பார்ப்பதும் மனிதரின் பொறுப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. எழுதும் வேலை எளிதாக எளிதாகச் சரிபார்க்கும் வேலை கூடுகிறது. அதற்குப் பயிற்சி வேண்டும்.

இந்தப் பாடத்தை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆசிரியராக எனக்கு அது மிக நெருக்கமானது. மற்றப் பாடங்களில் விடைத்தாளில் சிவப்புக் கோடு விழுந்ததும் பெரும்பாலும் கதை முடிந்துவிடுகிறது. நிரலாக்கத்தில் பிழை தெரிந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. சிமோர் பேப்பர்ட், வாலி ஃபூர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் 1967-இல் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ என்ற நிரலாக்க மொழியின் காலத்திலிருந்தே வகுப்பறைகளில் காணப்படும் ஒரு பயிற்சி உண்டு. திரையில் நகர்ந்து கோடு வரையும் ஒரு குறியிடம் ‘நூறு காலடி முன்னே செல், 90 பாகை திரும்பு’ என்று நான்கு முறை சொன்னால் திரையில் சதுரம் வரும். அடுத்து முக்கோணம் வரையச் சொன்னால், சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று கணக்குப் பாடத்தில் படித்த பிள்ளை 60 என்றே எழுதும். மூன்று பக்கங்களும் வரைந்த பிறகும் கோடுகள் ஒன்றுசேராது. பாதியில் நின்ற அறுகோணம்தான் திரையில் இருக்கும். அப்போது ஆசிரியர் விடையைச் சொல்லமாட்டார். எழுந்து, தரையில் வரைந்த முக்கோணத்தின் மீது நடந்து பார்க்கச் சொல்வார். முனையில் வந்து நின்று உடம்பைத் திருப்பும்போதுதான், தான் திரும்ப வேண்டியது உள்கோணம் அளவுக்கு அல்ல, வெளிக்கோணம் அளவுக்கு, அதாவது 120 பாகை என்பது பிள்ளைக்குப் புலப்படும். ‘எனக்குக் கணக்கு வராது’ என்று ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளுக்கு, தவறு என்பது அவமானமன்று, தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய ஒன்று என்ற நம்பிக்கை இங்கிருந்து வரக்கூடும் என்று உளமார நம்புகிறேன்.

இது ஆண் பிள்ளைகளுக்கான பாடம் என்று எண்ணிப் பெண் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். 1940-களில் எனியாக் என்ற தொடக்க கால மின்னணுக் கணினிக்கு முதலில் நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். 1969-இல் நிலவில் இறங்கிய அப்பல்லோ விண்கலத்தின் பறப்பு மென்பொருளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் மார்கரெட் ஹாமில்டன். அறிவுக்கு இதில் ஆண் பெண் என்ற பாகுபாடு இல்லை.

நடைமுறை விவரங்கள் சில. ஆறாம், ஏழாம் வகுப்புகளில் கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் அமைக்கும் ஸ்க்ராட்ச்சும், எட்டாம் வகுப்பில் நிரலை வரிவரியாகத் தட்டச்சு செய்யும் பைத்தான் மொழியும் கற்பிக்கப்படும். இரண்டும் கட்டணமின்றிக் கிடைப்பவை. பாதிப் பாடவேளைகள் கணினி இல்லாமலேயே, தாளிலும் கரும்பலகையிலும் நடைபெறும். எனவே வீட்டில் கணினி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தப் பாடத்தைக் காரணமாகக் காட்டிப் பிள்ளைகள் கைபேசியைக் கூடுதல் நேரம் கேட்டால் இசைய வேண்டாம். தனிப்பயிற்சி வகுப்புகளில் சேர்க்க வேண்டிய தேவையும் இல்லை.

உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். நிரல் வேலை செய்யவில்லை என்று பிள்ளை முகம் வாடி வந்தால், விடையைத் தேடிக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்கு நிரலாக்கம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. என்ன நடக்கும் என்று நினைத்தாய், என்ன நடந்தது, எந்த வரி வரைக்கும் சரியாக வந்தது என்று மட்டும் கேளுங்கள். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை பயிற்சி ஏடு வீட்டுக்கு வரும். பிள்ளை தன் நிரலை வரிவரியாக உங்களுக்கு விளக்கிய பிறகு கையொப்பமிடுங்கள். விளக்கம் புரியவில்லை என்றால் ‘புரியவில்லை’ என்றே எழுதி அனுப்புங்கள். அடுத்த வகுப்பை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குமாறு ஆசிரியர்களிடம் கூறியுள்ளேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்